குற்றவாளி சோப்பு அல்ல

ஆசிரியருக்கு வணக்கம். அளவு மீறிய சுத்தம் நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் என்ற பேச்சு, 1989-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் டேவிட் ஸ்ட்ராச்சன் எழுதிய சிறு கட்டுரையிலிருந்து பரவியது. 1958-இல் பிறந்த 17,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்களை ஆராய்ந்த அவர், உடன்பிறந்தோர், குறிப்பாக மூத்தோர், பலர் உள்ள வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு ஒவ்வாமைத் தும்மல் குறைவாக இருந்ததைக் கண்டார். அதாவது, அவர் பேசியது ஒவ்வாமையைப் பற்றியே தவிர, வயிற்றுப்போக்கையோ டைபாய்டையோ எதிர்க்கும் ஆற்றலைப் பற்றியன்று. இந்த வேறுபாட்டைப் பலரும் மறந்துவிடுவது எனக்கு மிகுந்த கவலை அளிக்கிறது.

அமெரிக்காவில் மரபு வழியில் நெருங்கிய இரு வேளாண் சமூகங்களை ஒப்பிட்ட 2016-ஆம் ஆண்டு ஆய்வில், மாட்டுத்தொழுவத்தை ஒட்டி வளரும் அமிஷ் குழந்தைகளிடம், இயந்திரமயமான பண்ணைகளைக் கொண்ட ஹட்டரைட் குழந்தைகளைவிட ஆஸ்துமா மிகக் குறைவாக இருந்தது. அமிஷ் வீடுகள் அழுக்கானவை அல்ல. கால்நடைகளோடும் மண்ணோடும் வரும் நுண்ணுயிர்களே அங்கு கூடுதல். கழிப்பறைக்குப் போய்வந்த கையைக் கழுவாமல் விடுவதால் அந்தப் பயன் கிடைக்காது. ஆகவே பிள்ளைகளைத் தாராளமாக மண்ணில் விளையாட விடுங்கள். சாப்பிடும் முன் சாதாரண சோப்பால் கை கழுவச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்