ஆறேகால் கணக்கு

தம்பி,

நேத்து போன்ல "கணக்கு கிளாஸ்ல பசங்க கவனிக்கவே மாட்டேங்கறாங்கம்மா, இதெல்லாம் எங்க சார் யூஸ் ஆகும்னு கேக்கறாங்க"ன்னு சொன்னியே, அப்ப எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல, சாப்டியான்னு கேட்டு வச்சிட்டேன். ராத்திரி பூரா அதே நெனப்பு. அதான் எழுதறேன், போன்ல சொன்னா பாதிலயே "சரிம்மா சரிம்மா"ன்னுடுவ.

லோன் வட்டி ஈஎம்ஐ எல்லாம் சொல்லி பாத்தேன்னு சொன்ன. பதிமூணு வயசு பையனுக்கு ஈஎம்ஐ மேல என்னடா அக்கறை? போரடிக்குதுன்னு நேரா சொல்ல முடியாம தான் யூஸ் என்னன்னு கேக்கறான். புக்ல வர்ற தொட்டி கணக்கும் அந்த ரகம் தான், ஒரு குழாய் ரொப்பும் இன்னொண்ணு காலி பண்ணும். சின்னதுல நீயே கேட்ட, "அந்தாளு கீழ் குழாய மூடிட்டு ரொப்ப மாட்டானா"ன்னு, நான் பேசாம போடுறான்னு தலைல குட்டினேன். நியாயமான கேள்வி தான் அது, இப்ப தோணுது.

என் கதைய கேளு. தையல் கத்துக்கறப்ப, விரிச்சா முழு வட்டமா வர்ற அம்ப்ரெல்லா ஸ்கர்ட்டுக்கு அக்கா ஒரே வரில சொல்லி குடுத்தாங்க, இடுப்பு அளவ ஆறேகாலால வகு, துணிய நாலா மடி, மடிச்ச மூலைல டேப்ப புடிச்சு அவ்ளோ தூரத்துல வளைவா மார்க் பண்ணி வெட்டு. இடுப்பு 28னா கிட்டத்தட்ட நாலரை இஞ்ச். ஏன் ஆறேகால்னு அவங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒரு தடவ, கொஞ்சம் தாராளமா இருக்கட்டுமேன்னு அரை இஞ்ச் தள்ளி வெட்டிட்டேன், போட்டு பாத்தா இடுப்பு மூணு இஞ்சுக்கு மேல லூசு. அரை எப்படி மூணாகும்? துணி இழுத்துக்கிச்சுன்னு துணிய திட்டினேன்.

அப்புறம் நீ ஒருநாள் சுற்றளவு டூ பை ஆர், டூ பை ஆர்னு சத்தமா மனப்பாடம் பண்ணிட்டிருந்த, நான் மிஷின்ல உக்காந்து கேட்டுட்டே, பைன்னா 3.14னு நீ சொல்ற, அப்ப ரெண்டு பைன்னா 6.28... காலு மிதிக்கறது நின்னு போச்சுடா. ஆறேகால்! இடுப்பு தான் சுற்றளவு, மூலைலேர்ந்து மார்க் பண்ற தூரம் தான் ஆரம். ஆரம் அரை இஞ்ச் கூடினா சுத்து 3.14 இஞ்ச் கூடும். துணி மேல தப்பே இல்ல. அன்னிக்கு உன்கிட்ட ஒண்ணும் சொல்லல, படிக்கற புள்ளைய கெடுக்க கூடாதுன்னு. சொல்லிருக்கணும்.

இத கொஞ்சம் மாத்தி கிளாஸ்ல கேளு, யூட்யூப்ல பாத்தது தான். பூமிய நடுவுல சுத்தி 40,000 கிலோமீட்டருக்கு ஒரு கயிறு இறுக்கமா கட்டிருக்கு. அத எல்லா பக்கமும் தரைலேர்ந்து ஒரு மீட்டர் தூக்கணும்னா எவ்ளோ கயிறு கூட வேணும்? ஃபார்முலா பேச்சே எடுக்காத, எல்லாரையும் கெஸ் பண்ண சொல்லி போர்டுல எழுது, எவனாவது ஆயிரம் கிலோமீட்டர்ம்பான், சிரிக்காத, அதையும் எழுது. அப்புறம் அதே கேள்விய ஃபுட்பாலுக்கு கேளு. ரெண்டுக்கும் 6.28 மீட்டர் தான், சத்தியமா நம்ப மாட்டாங்க. நம்பலைன்னா விடு, அவங்களே போட்டு பாக்கட்டும், உடனே போர்டுல போட்டு காமிச்சு கெடுத்துடாத, உனக்கு அந்த அவசரம் உண்டு.

இன்னொண்ணு பிறந்தநாள் விஷயம், உனக்கே தெரிஞ்சிருக்கும். 23 பேர் இருந்தாலே ரெண்டு பேருக்கு ஒரே தேதி வர பாதிக்கு மேல சான்ஸ், 40 பேர்னா 89 சதவீதம். உன் கிளாஸ்ல வரலைன்னா அசடு வழியாத, மீதி 11 சதவீதம்னா என்னன்னு அங்கயே ஆரம்பி.

எல்லா பாடத்துக்கும் இப்படி கிடைக்காது தான். காரணிப்படுத்தலுக்கு நான் ஸ்கர்ட்டுக்கு எங்க போவேன்? வாய்ப்பாடும் சொல்ல வைக்கத்தான் வேணும், அதுல பாவம் பாக்காத.

கயிறு கேள்விக்கு ரொம்ப பெரிய கெஸ் யாரு சொன்னான்னு எனக்கு மெசேஜ் போடு. அந்த லூசு ஸ்கர்ட்ட இன்னும் பெட்டில தான் வச்சிருக்கேன், வேணும்னா அனுப்பறேன், கிளாஸ்ல டேப் வச்சு அளந்து பாக்கட்டும்.

அம்மா