முன்பணம் கொடுத்துவிடாதே மாப்ள

மாப்ள,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. போனில் பேசினால் நீ பாதியிலேயே "சரி சரி பார்ப்போம்" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம், அம்மாவுக்கு முட்டிவலி மட்டும் அப்படியே இருக்கிறது, பெரியவள் பத்தாவது வந்துவிட்டாள், நம்ம 'மைக்செட்' மறுபடி கல்யாண மண்டபம் எடுத்து நடத்துகிறான் (ஆமாம், மறுபடியும்). மற்றதெல்லாம் நேரில்.

உன் பூட்டு விற்கிற இணையதளத்தைக் கூகுள் தேடலில் மேலே கொண்டுவருகிறோம் என்று ஒரு கம்பெனி வந்திருக்கிறது, மூன்றே மாதத்தில் முதல் இடம், எழுத்திலேயே உத்தரவாதம் தருகிறார்கள் என்றாயே, அந்த ஒரு வரியிலேயே அவர்களைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. தளத்தில் திருத்தம் செய்ய ஆரம்பித்த பிறகு பலன் தெரிய நான்கு மாதத்திலிருந்து ஒரு வருடம்கூட ஆகலாம் என்றும் அங்கேயே இருக்கிறது. நீ அனுப்பிய கொட்டேஷனை முழுசாகப் படித்தேன். அதில் 'மெட்டா கீவேர்ட்' (கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்துக்குப் பின்னால் எழுதி வைக்கிற தேடல் வார்த்தைகள்) போட்டுக் கொடுப்பதற்கு என்று தனியாக ஒரு தொகை கேட்டிருக்கிறார்கள். அந்த டேக்கை நாங்கள் தரவரிசைக்குப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. இதற்குக்கூடக் காசு கேட்கிற ஆட்கள் மற்ற வேலையை எப்படிச் செய்வார்கள் என்று நீயே யோசி.

அடுத்தது அவர்கள் போட்டுத் தருகிறேன் என்கிற அந்த ஐந்நூறு பேக்லிங்க், அதாவது மற்ற தளங்களிலிருந்து உன் தளத்துக்கு வருகிற லிங்க். எனக்கு வயிறு எரிந்தது இதில்தான். கூகுளை ஆரம்பித்த லாரி பேஜும் செர்ஜி பிரினும் ஸ்டான்ஃபோர்டில் படிக்கும்போது கண்டுபிடித்ததே இந்த விஷயத்தைத்தான்: ஒரு பக்கத்தை மற்ற தளங்கள் சுட்டிக்காட்டினால், அதுவும் நல்ல பேர் உள்ள தளங்கள் சுட்டிக்காட்டினால், அந்தப் பக்கத்துக்கு மதிப்பு கூடும். பெண் பார்க்கும்போது அக்கம்பக்கத்தில் நாலு பேர் சொல்கிற வார்த்தைக்கு இருக்கிற மதிப்பு மாதிரி. அந்த வார்த்தையை விலைக்கு வாங்கலாம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது, கூகுள் 2012-ல் பென்குயின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து அப்படி வாங்கிய தளங்களைக் கீழே தள்ளியது. இப்போது பெரும்பாலும் அந்த மாதிரி லிங்க்குகளைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை, அதாவது கொடுத்த பணம் வீண். அளவு மீறினால் ஆட்களே பார்த்துத் தண்டனை போடுகிறார்கள். விளக்குத்தூண் பக்கம் ரெடிமேட் கடை வைத்திருக்கிறானே நம்ம குட்டை, அவனுக்கு அதுதான் நடந்தது. யாரோ ஒரு கம்பெனிக்குப் பணம் கட்டினான், கொஞ்ச நாள் மேலே வந்தான், அப்புறம் சர்ச் கன்சோலில் (தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தருகிற கருவி) இயல்பற்ற லிங்க் என்று நோட்டீஸ். அவன் கடைப் பெயரைப் போட்டுத் தேடினாலே கிடைக்கவில்லை. அந்த லிங்க்குகளை ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்லி, எடுக்க முடியாததையெல்லாம் பட்டியல் போட்டு இவற்றைக் கணக்கில் எடுக்காதே என்று கூகுளுக்குச் சொல்லி, மறுபரிசீலனைக்கு எழுதி, ஒரு தீபாவளி வியாபாரமே போய்விட்டது. பணம் வாங்கியவர்கள் போனையே எடுக்கவில்லை.

உன் தளத்தை உட்கார்ந்து பார்த்தேன். திட்டாதே, சொல்லத்தான் போகிறேன். உன் விலைப்பட்டியல் முழுவதும் ஒரு போட்டோ. அதில் இருக்கிற பெயரும் விலையும் நம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி கூகுளுக்குத் தெரியும் என்று நம்பக்கூடாது, எழுத்தாகப் பக்கத்தில் இருக்க வேண்டும். எல்லாப் பக்கத்துக்கும் தலைப்பு 'முகப்பு' என்றே இருக்கிறது. பூட்டுக்குக் கீழே இருக்கிற "உயர்ந்த தரம், நீடித்த உழைப்பு" வாசகத்தை அப்படியே எடுத்துத் தேடிப் பார்த்தேன், அதே வரி இன்னும் பல கடைகளில் கிடக்கிறது. ஒரே வாசகம் பத்து இடத்தில் இருந்தால் கூகுள் பெரும்பாலும் அதில் ஒன்றைத்தான் முன்னால் காட்டும், அது நீயாக இருக்கக் காரணமே இல்லை.

எங்கள் கடைச் சுங்குடிச் சேலைக்கு நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். வாட்ஸ்அப்பில் வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று உன் தங்கச்சி ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். சாயம் போகுமா, கையால் முடிச்சுப் போட்டதா இல்லை பிரிண்டா, பிளவுஸ் துணி சேர்ந்து வருமா, கஞ்சி போடலாமா. இந்தக் கேள்விகளைத்தான் கூகுளிலும் ஜனங்கள் தட்டுகிறார்கள். அதனால் ஒவ்வொரு சேலைப் பக்கத்திலும் அதற்குப் பதில் எழுதினோம். முதல் தடவை தனியாக, கல் உப்புப் போட்ட பச்சைத் தண்ணீரில் நனைக்கச் சொன்னோம், முடிச்சு அவிழ்த்த இடத்தில் துணி சுருங்கி நிற்பதைக் கிட்டத்தில் படம் எடுத்துப் போட்டோம், மெழுகு பிரிண்ட் என்றால் மெழுகு பிரிண்ட் என்றே சொன்னோம். சுங்குடியை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு ஸ்பெல்லிங்கில் தேடுகிறார்கள், அதையும் இயல்பாக வருகிற இடத்தில் சேர்த்தோம். மெதுவாகத்தான் ஏறியது. ஆனால் இன்று எங்களுக்கு ஆர்டர் கொண்டுவருவது விளம்பரம் இல்லை, 'சாயம் போகுமா' பக்கம்தான். சித்திரைத் திருவிழாப் பக்கத்தையும் வருடா வருடம் புதிதாகப் போடுவதில்லை, அதே முகவரியில் சரக்கை மட்டும் மாற்றுகிறோம், பழைய மதிப்பு அப்படியே நிற்கிறது.

உனக்குச் சொல்ல எவ்வளவு இருக்கிறது மாப்ள! மாங்காய்ப் பூட்டு உள்ளே எப்படி வேலை செய்கிறது, கடை ஷட்டருக்கு எது, கோயில் கதவுக்கு எது, மழையில் கிடந்தால் இரும்பு என்ன ஆகும் பித்தளை என்ன ஆகும், சாவி தொலைந்தால் மாற்றுச் சாவி செய்து தருவாயா. உங்கள் பட்டறையில் அரம் போடுகிற சத்தத்தோடு ஒரு வீடியோ எடு. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, உன் தளத்தில் அந்தப் பேச்சே இல்லை! எங்கள் சுங்குடிக்கு 2005-லேயே கிடைத்ததை நாங்கள் சேலைக்குச் சேலை சொல்கிறோம். பத்திரிகைக்காரர்கள் உங்கள் பட்டறைக்கு வந்து எழுதிப் போனார்களே, அவர்களிடம் உன் தள முகவரியைச் சேர்க்கச் சொல்லிக் கேள். அந்த ஒரு லிங்க் விலைக்கு வாங்கும் ஐந்நூறை விட மேல்.

இன்னொன்று, உன் அக்கா மகன் தளத்தைப் புதிதாக்கினானே, அப்போது பழைய பக்கங்களின் முகவரி எல்லாம் மாறிவிட்டது. பழைய லிங்க்கை அழுத்தினால் பக்கம் இல்லை என்று வருகிறது. ஒவ்வொன்றையும் புதிய முகவரிக்கு 301 ரீடைரக்ட் போடச் சொல், பழைய முகவரிக்கு வருகிறவர்களை அது தானாகப் புதியதற்கு அனுப்பிவிடும், பையனுக்கு அது ஒரு மதிய வேலை. படங்களையும் சுருக்கச் சொல். பக்கத்தின் பெரிய படம் இரண்டரை செகண்டுக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல், உன்னுடையது வருவதற்குள் நான் காப்பியே குடித்துவிட்டேன். விற்றுத் தீர்ந்த பூட்டின் பக்கத்தை அழிக்காதே, திரும்பச் செய்யப் போகிறாய் என்றால் 'இப்போது இருப்பில் இல்லை' என்று போட்டு அப்படியே வை.

இதெல்லாம் இருக்கட்டும். உன் வீட்டில் தங்கச்சி சங்கிலியை அடகு வைத்து அந்தக் கம்பெனிக்குக் கட்டப் போகிறேன் என்றாயே, அதைக் கேட்ட பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. அப்பா இருந்தபோது அந்தப் பட்டறையில் எத்தனை பேர் உட்கார்ந்து அராவிக்கொண்டிருப்பார்கள், இன்று எத்தனை பேர்? மிச்சம் இருக்கிற அந்தப் பெரியவர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டிய பணத்தை, ஊர் பேர் தெரியாத எவனோ எங்கோ குப்பைத் தளத்தில் லிங்க் ஒட்டுவதற்குக் கொடுக்காதே. அவர்கள் கை நின்றுவிட்டால் நீ முதல் இடத்தில் வந்து எதை விற்பாய்? உனக்குப் பணம் தேவை என்றால் என்னிடம் கேள், கேட்க உனக்கு உரிமை இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கடை லீவு, காலை பஸ்ஸில் வருகிறேன். அதற்குள் சர்ச் கன்சோலில் தளத்தை உன் பெயரில் சரிபார்த்து வை, இலவசம்தான், ஜனங்கள் எந்த வார்த்தையைத் தேடி வந்தார்கள் என்று அதில் தெரியும். சேர்ந்து உட்கார்ந்து முதல் பத்து பூட்டுக்கு எழுதிவிடலாம், நீ சொல்லு, நான் தட்டுகிறேன். தங்கச்சியிடம் சாப்பாடு இருக்கிறது என்று மட்டும் சொல்லி வை, சிக்கன் வேண்டாம், அந்த மொச்சைக் குழம்பு போதும்.

முன்பணம் ஏதாவது கொடுத்துவிட்டாயா இல்லையா, அதை மட்டும் இன்றைக்கே சொல்.

உன்
பங்காளி
தெற்கு மாசி வீதி, மதுரை