காட்டு சீனை விற்க வேண்டாம்

லண்டன்
ஜனவரி 18

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள், அம்மா, அக்கா வீட்டில் எல்லோரும் நலமா? உங்கள் கடிதம் வந்து ஏழு வாரம் ஆகிறது. பதில் போடாமலே பொங்கலும் போய்விட்டது. திட்டுவதென்றால் திட்டிவிடுங்கள். போனில் நீங்கள் ‘சாப்பிட்டியா’ என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். நாம் இரண்டு பேரும் பேசிக்கொள்வதென்றால் கடிதத்தில்தான்.

சாப்பிடுகிறேன். ஈஸ்ட் ஹாம் பக்கம் தமிழ்க் கடைகளில் பொங்கலுக்குக் கரும்புகூட வந்திருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு யார் வருவது என்று வெல்லமும் பச்சரிசியும் மட்டும் வாங்கினேன். நெய்யில் முந்திரியைப் போட்டதும் கூரையில் இருக்கிற புகை மணி அலறிவிட்டது. கீழ்வீட்டுத் தாத்தா பைஜாமாவோடு மேலே ஓடி வந்தார். இவரைப் பற்றி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், நரிக்குச் சோறு வைக்கிறவர். இந்த ஊரில் நம் தெருநாய் மாதிரி ராத்திரியில் நரி திரியும். தினமும் பத்து மணிக்குக் கொல்லைக் கதவைத் திறந்து, அவர் சாப்பிட்ட கோழியில் பாதியை ஒரு பீங்கான் தட்டில் வைப்பார். பீங்கான் தட்டில்தான், பிளாஸ்டிக்கில் வைத்தால் அதற்கு மரியாதை இல்லையாம். அவருக்கு ஒரு கிண்ணம் பொங்கல் கொடுத்தேன். மறுநாள் கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்து, ‘இரண்டு பேரும் சாப்பிட்டோம்’ என்றார். எந்த இரண்டு பேர் என்று நான் கேட்கவில்லை.

குளிர் இருக்கிறது. ஹீட்டரை ராத்திரி மட்டும் போடுகிறேன், பகலெல்லாம் போட்டால் தலை வலிக்கிறது. பட்டறைக்கு நடந்தே போகிறேன், ஒரு மணி நேரம். உடம்புக்கு நல்லது.

செட் டிசைனர் என்றால் மாதச் சம்பளமா என்று சித்தப்பா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். இல்லை, நாடகத்துக்கு நாடகம் பேசுகிற தொகைதான். அதை மூன்று தவணையாகத் தருவார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது ஒன்று, மேடையின் மாதிரியை ஒப்படைக்கும்போது ஒன்று, முதல் நாள் நாடகத்தன்று ஒன்று. நம் ஊர் நாடகக்காரர்கள் வெற்றிலை பாக்கோடு அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, விடிந்து வேஷம் கலைத்த பிறகு பாக்கியை வாங்குவார்களே, ஏறக்குறைய அதே கதை. ஆறு வாரத்தில் முடித்தாலும் ஆறு மாதம் இழுத்தாலும் தொகை மாறாது. அதனால் ஒரே சமயத்தில் மூன்று நாலு நாடகத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். என்னிடம் இப்போது ஒன்று இருக்கிறது. அதுவும் மார்ச்சுக்குத் தள்ளிப்போயிருக்கிறது. மூன்றாவது தவணையும் கூடவே போயிருக்கிறது, அவ்வளவுதான். பயப்பட ஒன்றுமில்லை.

வரியும் கட்டுகிறேன். போன வருஷம் ஒரு பெரிய டிசைனருக்கு மாதிரி செய்து கொடுத்ததில் நல்ல வரும்படி. அதைப் பார்த்து, இந்த வருஷமும் அவ்வளவு வரும் என்று வரி ஆபீஸ்காரர்களே கணக்குப் போட்டு, வரியில் பாதியை ஜனவரி 31-க்குள்ளும் மறுபாதியை ஜூலை 31-க்குள்ளும் முன்கூட்டியே கேட்கிறார்கள். முன்பணம் கட்டுகிற அளவுக்கு மகள் சம்பாதிக்கிறாள் என்று சித்தப்பாவிடம் சொல்லுங்கள்.

மாதிரி என்றால் பொம்மை வீடு மாதிரிதான், ஆனால் கணக்குத் தப்பக் கூடாது. இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவு. மேடையில் இரண்டு மீட்டர் கதவு என் மேசையில் எட்டு சென்டிமீட்டர். முதலில் வெறும் வெள்ளை அட்டையில் செய்து காட்டுவேன். பார்த்துவிட்டுப் படிக்கட்டை எடு, மாடியைக் குறை என்பார்கள், செலவு தாங்காது என்று. அப்புறம்தான் வர்ணம். இவ்வளவும் செய்து நாலு வாரம் நாடகம் நடக்கும். கடைசி நாள் திரை விழுந்ததும் சுத்தியலோடு ஆட்கள் வருவார்கள். பத்திரப்படுத்தி வைக்க ஆகும் வாடகையைவிடப் புதிதாகச் செய்வது மலிவு. விடிவதற்குள் எல்லாம் குப்பைத் தொட்டியில். முதல் தடவை பார்த்தபோது, நீங்கள் திரைத் துணியில் வரைந்த ஒரே தெரு சீனும் தர்பார் சீனும் நாற்பது வருஷம் எத்தனை ஊர்க் கொட்டகையில் ஏறி இறங்கின என்று உங்களைத்தான் நினைத்தேன்.

செப்டம்பரில் ஒன்று பார்த்தேன், அப்போதே எழுத நினைத்தது. விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் கிழக்கு லண்டனில் தன் கிடங்கையே 2025-இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. டிக்கெட் கிடையாது. அங்கே ஒரு நாடகத் திரை தொங்கியது, பத்து மீட்டருக்கு மேல் உயரம், 1924-இல் பாரிஸில் ஒரு பாலேக்காகச் செய்தது. பிக்காசோ திரை என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் 1922-இல் பிக்காசோ வரைந்தது செய்தித்தாள் பக்கத்தைவிடச் சின்னப் படம். அதை அந்தத் துணியில் ஏற்றியவர் ஷெர்வாஷிட்சே என்ற சீன் பெயிண்டர். வேலையைப் பார்த்து அசந்துபோய் பிக்காசோ அதில் தன் கையெழுத்தைப் போட்டாராம். ஷெர்வாஷிட்சேயை யார் கேட்டார்கள்? பக்கத்தில் நின்றவர்கள் படத்தைப் பார்த்தார்கள். நான் துணியில் வர்ணம் எவ்வளவு கனமாக ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடினால் நீங்கள் வர்ணத்தில் கலக்க வஜ்ரப் பசை காய்ச்சுகிற நாற்றம் வந்துவிட்டது. அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டுவாளே, அந்த நாற்றம். வெளியே வந்து ஒரு பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

அன்றிலிருந்து மிச்ச அட்டையில், நீங்கள் சீன் வரைகிற நம் கொட்டகையைச் செய்துகொண்டிருக்கிறேன், அதே இருபத்தைந்தில் ஒன்று. உங்கள் ஸ்டூல், வாளி, தரையில் காடாத் துணியை விரித்து நீங்கள் குந்தி இருப்பது எல்லாம் வந்துவிட்டது. தெற்குச் சுவரில் ஜன்னல் இரண்டா மூன்றா? பதினெட்டு வருஷம் அந்தக் கொட்டகையிலேயே படுத்து எழுந்தவளுக்கு ஞாபகம் வரவில்லை அப்பா.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஓட்டலில் மாட்டுவதற்கு நாற்பதாயிரத்துக்குச் சீன்களைக் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தெரு சீன் வேண்டுமானால் கொடுங்கள். காட்டு சீன் வேண்டாம். எத்தனை வள்ளி அந்தத் தினைப்புனத்தில் நின்று ஆலோலம் பாடியிருக்கிறாள். கரையான் பிடித்த ஓரத்தை வெட்டிவிட்டு, வெயிலில் உலர்த்தி, வேப்பிலை போட்டுச் சுருட்டி, பரணில் வைக்கச் சொல்லுங்கள். தரையில் வைக்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் எழுத்து பெரிது பெரிதாக இருக்கிறது. ஒரு பக்கத்தில் ஏழே வரி. முன்பெல்லாம் இருபத்திரண்டு வரி எழுதுவீர்கள். கண்ணில் புரை என்றால் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள். பணத்தைக் காரணம் சொல்லாதீர்கள். மார்ச் கடைசியில் கண்டிப்பாக அனுப்புகிறேன். அதற்கு முன்பே ஆபரேஷன் என்றால் மாமாவிடம் கைமாற்று வாங்கிக்கொள்ளுங்கள், அவரிடம் நான் பேசுகிறேன். அக்காவின் வளையலை மட்டும் சங்கத்தில் அடகு வைக்க வேண்டாம், போன தடவை மீட்க இரண்டு வருஷம் ஆயிற்று. சின்னவனுக்குக் காதுகுத்து சித்திரையிலா, வைகாசியிலா என்று அக்காவை எழுதச் சொல்லுங்கள். வருவேனா என்று இப்போது கேட்க வேண்டாம்.

அன்பு மகள்.

பி.கு: ஜன்னல் எத்தனை என்பதோடு, கொட்டகையின் நீள அகலத்தையும் எழுதுங்கள். அடிக்கணக்கிலேயே எழுதுங்கள், நான் மாற்றிக்கொள்கிறேன். ஏணியில் ஏறி நீங்கள் அளக்க வேண்டாம், அக்கா மகனை ஏறச் சொல்லுங்கள்.