டீசலைத் தின்றுவிட்டால் மிச்சம் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் கந்தகம் நீக்கும் பாக்டீரியா பற்றிய கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். 'டீசலைத் தின்று செரித்து, கந்தகத்தைத் துப்பிவிடும் நுண்ணுயிர்' என்று ஒரு வரி. அங்கேயே நின்றதில் காபி ஆறிப்போனது.

டீசலைத் தின்கிற கிருமியை நான் கண்ணால் பார்த்தவன். எங்கள் வயலில் ஆயில் இன்ஜின் ஓடிய காலம். ஒரு பிசானத்தில், அதாவது எங்கள் பக்கத்து மழைக்கால நெல் பருவத்தில், நல்ல மழை. இன்ஜினுக்கு வேலை இல்லை. பேரலில் கிடந்த டீசலுக்குள் மூடி வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. கோடையில் திறந்தால், தண்ணீரும் எண்ணெயும் சேரும் இடத்தில் கொழகொழவென்று பாசி மாதிரி ஒரு படலம். ஃபில்டர் அடைத்து இன்ஜின் நின்றது. "அண்ணாச்சி, டீசல்ல பூச்சி விழுந்துட்டு" என்றார் மெக்கானிக். பாதி பேரல் வீண்.

கட்டுரையில் வரும் ரோடோகாக்கஸ் என்ற பாக்டீரியா அந்த ஜாதி அல்ல. டீசலில் இருக்கும் டைபென்சோதயோஃபீன் என்ற கந்தக மூலக்கூறின் வளையத்துக்குள் உட்கார்ந்திருக்கும் கந்தகத்தை மட்டும் நான்கு படிகளில் கழற்றி, சல்ஃபைட்டாகத் தண்ணீரில் விட்டுவிடும். மூலக்கூறின் கார்பன் எலும்புக்கூட்டைத் தொடாது; அது எண்ணெயிலேயே தங்கிவிடும். மீன் சிதையாமல் முள்ளை உருவுகிற வேலை. அந்த நுண்ணுயிரின் பெருமையே அதுதான். நீங்கள் அறியாததா?

'விரைவில் பங்க்குகளில்' என்று வேறு முடித்திருக்கிறார் கட்டுரையாளர். 1990-களிலேயே அமெரிக்காவில் கம்பெனி வைத்து முயன்று பார்த்தார்கள். பாக்டீரியாவின் வேகம் போதவில்லை. தண்ணீரில்தான் அது வாழும், அப்புறம் அந்தத் தண்ணீரையும் எண்ணெயையும் பிரிக்க வேண்டும். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் இன்றும் 300 டிகிரிக்கு மேல் சூடாக்கி, ஹைட்ரஜனை அழுத்திச் செலுத்தித்தான் கந்தகத்தை எடுக்கின்றன. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற வாகனப் புகை விதி வந்து, டீசலில் கந்தக வரம்பு கிலோவுக்கு 50 மில்லிகிராமிலிருந்து 10-க்கு இறங்கியதற்கும் இதே ஹைட்ரஜன்தான் துணை.

முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்தியவன். உங்கள் இணைப்பைக் கத்தரித்து நோட்டில் ஒட்டுகிற பிள்ளைகள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். அதுதான் பயம்.

சரி, உங்களிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? கார் பருவ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்கத் தாமதமானதைப் பற்றி நான் எழுதிய கடிதத்தில் பாதியை வெட்டினீர்கள். மீதிப் பாதியில் எங்கள் பாபநாசத்தைத் தஞ்சாவூர் மாவட்டத்துக்கு அனுப்பிவைத்தீர்கள். அந்தப் பாபநாசம் வேறு, அணை இருக்கிற இந்தப் பாபநாசம் வேறு என்று மறுபடி எழுதினேன். இன்றுவரை பதில் இல்லை. திருநெல்வேலி என்றால் அல்வா படம் போட மட்டும் மறப்பதில்லை.

கேட்பது ஒன்றுதான். அடுத்த ஞாயிறு, நகைக்கடை விளம்பரத்துக்குக் கீழே இடம் மிஞ்சினால், 'டீசலைத் தின்று செரித்து' என்பதை அடித்துவிட்டு வாசிக்கவும் என்று ஒரு வரி போடுங்கள். அப்படியே பாபநாசத்தையும் திருநெல்வேலிக்குத் திருப்பி அனுப்பினால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
கல்லிடைக்குறிச்சி