'வரிக்குதா?' என்று கேட்டவர்களுக்கு

குழந்தைகள் காப்பகத்தின் ஆசிரியர்களான சென்செய்களுக்கும், சமையலறை அம்மாவுக்கும், எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடிப் பாட்டிக்கும் வணக்கம்.

மார்ச் மாதத்தோடு மகள் உங்களிடமிருந்து விடைபெறுகிறாள். ஏப்ரலில் ஒன்றாம் வகுப்பு. ஜப்பானிய மொழியில் ஒரு வாழ்த்தட்டை எழுதிக் கொடுத்துவிட்டோம். ஆனால் எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியில் 'மிக்க நன்றி'யைத் தாண்டுவதே பெரும்பாடு. மீதியைத் தமிழில் எழுதுகிறேன். யாராவது படித்துச் சொல்வார்கள். இந்தியர்கள் நிறைய வாழும் நம் நிஷி கசாய் பகுதியில் அதற்கு ஆள் பஞ்சமில்லை.

நாங்கள் டோக்கியோ வந்து இறங்கியது ஒரு ஜூன் மாதம். வார்டு அலுவலகம் வழியாகச் சேரும் காப்பகங்களில் ஏப்ரலில்தான் பெரும்பாலான இடங்களை நிரப்புவார்கள். அதற்கு முந்தைய ஆண்டே விண்ணப்பித்திருக்க வேண்டுமாம். நடுவில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அப்படித்தான் காலையில் ஆங்கிலமும் மதியத்துக்கு மேல் ஜப்பானிய மொழியும் பேசும் உங்கள் கதவைத் தட்டினோம். இரண்டு வயதுக் குழந்தைக்கு இரண்டுமே தெரியாது. கட்டணம் வேறு கண்ணைக் கட்டியது. மூன்று வயது வகுப்புக்குப் போன பிறகு மாதம் 37,000 யென் வரை அரசு உதவி உண்டு என்று சொல்லி, அதற்கான படிவங்களை எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நிரப்பித் தந்தது பாட்டிதான். காபி வேண்டாம் என்பார், முறுக்கை மட்டும் மறுக்க மாட்டார்.

முதல் மூன்று மாதம் அவள் அங்கே வாயே திறக்கவில்லை. தெரிந்தவர்கள் சிலர், "வீட்டில் தமிழை நிறுத்திவிடுங்கள், குழந்தை குழம்புகிறது" என்றார்கள். நாங்களும் ஏறக்குறைய முடிவே செய்துவிட்டோம். அந்த வாரம்தான் மஞ்சள் ஏப்ரன் சென்செய் தினக்குறிப்பு நோட்டில் ஒரு வரி எழுதியிருந்தார்: அவள் வீட்டில் சொல்லும் பத்துச் சொற்களை எழுதித் தர முடியுமா?

தண்ணி, பசிக்குது, வலிக்குது, கக்கா, தூக்கம், அம்மா வருவா... எழுதிக் கொடுத்தேன். மறுநாள் அவை ஜப்பானியக் கத்தகானா எழுத்தில் டயப்பர் மாற்றும் மேசைக்கு மேலே ஒட்டியிருந்தன. உங்கள் நாவில் 'ல'வும் 'ர'வும் ஒன்றுதானே! அவள் விழுந்து முட்டி சிராய்த்த அன்று, சென்செய் மண்டியிட்டு "வரிக்குதா?" என்று கேட்டாராம். அழுகையை நிறுத்திவிட்டு அவள் சொன்ன முதல் சொல்: "இல்ல, வலிக்குது." திருத்துவதற்காகத்தான் பேசவே ஆரம்பித்தாள் போலிருக்கிறது.

அப்புறம் யாராலும் அவளை நிறுத்த முடியவில்லை. கியோசென் பூங்காவின் குட்டி விலங்குக் காட்சிசாலைக்கு நடந்துபோன வழியில் ஒரு நாய் குரைக்க, பாதி வகுப்பு 'வான் வான்' என்றது, ஒரு பையன் 'வூஃப்' என்றான், இவள் 'லொள் லொள்' என்றாள். மாலையில் அழைத்துவரப் போனால் மொத்த வகுப்பும் லொள் லொள்! வீட்டில் இன்றும் "அப்பா, டென்ஷா வருது, குட்சு போடு" என்றுதான் அவசரப்படுத்துகிறாள். ரயிலும் செருப்பும் தமிழுக்கு எப்போது திரும்புமோ, தெரியவில்லை.

சமையலறை அம்மாவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நாங்கள் சைவம் என்றதும், 'மீன் துண்டுகளை எடுத்துவிட்டால் போதும்தானே' என்று கேட்கவில்லை. சூப்பின் அடிச்சாறே காய்ந்த மீனில்தான் எடுப்பது என்று நீங்களே எங்களுக்கு விளக்கி, அவளுக்கு மட்டும் கடற்பாசியில் தனிச்சாறு வைத்தீர்கள். மூன்றரை வருடம், ஒரு சின்னப் பாத்திரம், தினமும்.

டோசாய் ரயில் நின்றுபோன அந்த இரவு எட்டரைக்கு மூச்சிரைக்க ஓடிவந்தேன். விளக்கு எரிந்தது. அவள் சென்செய் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். கூடுதல் நேரக் கட்டணம் பற்றிக் கேட்டேன். பதிலுக்கு ஒரு சோற்று உருண்டையைக் கையில் கொடுத்து, நான் சாப்பிட்டேனா என்று கேட்டீர்கள்.

ஏப்ரலில் இன்னொரு தமிழ்க் குழந்தை சேர்கிறதாம். பழைய தாள் கிழிந்துவிட்டது, புதிதாக எழுதித் தாருங்கள் என்றீர்கள். எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். 'வரிக்குதா'வை மட்டும் நீங்கள் சொன்னபடியே விட்டிருக்கிறேன்.

நன்றியுடன்,
அவளுடைய அம்மா