ஒன்லைன் எண்டால் எங்கட சனத்துக்குப் பயமோ?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

கொஞ்ச நாளா உங்கட பத்திரிகையிலயும் வேற இடங்களிலயும் ஒரே கதை திரும்பத் திரும்ப வருது. யாழ்ப்பாணத்துச் சனம் இன்னும் பழசிலயே நிக்குது, பாங்க் அப் பாவிக்கப் பயம், ஒன்லைன்ல பில் கட்டப் பயம், கியூஆர் எண்டால் விலகிப் போகுதுகள், இவைக்கு விழிப்புணர்வுக் கூட்டம் வைக்கவேணும் எண்டு. நான் திருநெல்வேலிப் பக்கம் 2003ஆம் ஆண்டில இருந்து கொமினிகேஷன் கடை, அதாவது கோல் எடுக்கிறது, பிரிண்ட் அடிக்கிறது, ஒன்லைன்ல பதிஞ்சு குடுக்கிறது எல்லாம் செய்யிற கடை வச்சிருக்கிறன். சனம் எதை எடுக்குது, எதை விடுகுது எண்டதை இருபது வருசத்துக்கு மேல மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து பாத்தவன் எண்ட உரிமையில சொல்லுறன், அந்தக் கதை பிழை.

தொண்ணூறுகளில கரண்ட் இல்லாத காலத்தில சைக்கிளைக் கவிட்டுப் போட்டு, பெடலைக் கையால சுத்தி, டைனமோவில ரேடியோவைப் பூட்டி இரவில பிபிசி தமிழோசை கேட்ட சனம் இது. அதுக்கு ஆர் வந்து கூட்டம் வச்சது? பற்றரி வாங்கேலாது, செய்தி தெரியாமல் இருக்கவும் ஏலாது, பக்கத்து வீட்டுப் பெடியன் பூட்டினான், பாடுது எண்டு காதால கேட்டம், அடுத்த நாள் எங்கட விறாந்தையிலயும் ஒரு சைக்கிள் தலைகீழா நிண்டது. அவ்வளவுதான் நடந்தது.

போனில முகம் பாத்துக் கதைக்கிற வைபர் அப்பும் அப்பிடித்தான். கோண்டாவிலில இருந்து ஒரு அம்மா என்ர கடைக்கு வருவா, எழுபது தாண்டினவ, மகன் கனடாவில. முந்தி கடை வாங்கில இருந்து வெளிநாட்டுக் கோல் எடுக்கேக்க கண் முழுக்க மீற்றரிலதான் இருக்கும், நூறு ரூபா தாண்டினாப் போனை வச்சிடுவா. பேரப்பிள்ளை பிறந்த கிழமை ஒரு பழைய போனைக் கொண்டுவந்து "தம்பி, பிள்ளையின்ர முகம் தெரியிற மாதிரிச் செய்து தா" எண்டா. பச்சையை அமத்தினா எடுக்கும், சிவப்பை அமத்தினா வைக்கும், நான் சொல்லிக் குடுத்தது அவ்வளவுதான், ரெண்டு நாளில பிடிச்சிட்டா. இப்ப முருங்கை காய்ச்சிருக்கிறதைப் படம் எடுத்துத் தானே அனுப்புவா. ஆனா மகன் காசு போட்டால் மட்டும் பாங்க் புத்தகத்தைச் சொப்பின் பையில சுத்திக்கொண்டு பஸ் ஏறிப் போறா. "அம்மா, போனிலயே பாக்கலாமே" எண்டு கேட்டன். அவ சொன்னா, "தம்பி, வைபர் அறுந்தாப் பெடியன் திருப்பி எடுப்பான், காசு அறுந்தா ஆர் எடுக்கிறது?"

நான் இந்தக் கடிதம் எழுதுறதே அந்த ஒரு கேள்விக்காகத்தான்.

என்ர மகள் கம்பசில படிக்கிறா, இதைப்பற்றி வெளிநாட்டில கன காலமா ஆராய்ச்சி நடக்குதாம். 1989இல பிரெட் டேவிஸ் எண்டவர் எழுதினதில, ஒரு புதுச் சாமானை மனுசர் எடுக்கிறதுக்கு முக்கியமா ரெண்டு காரணம் இருக்காம், அதால எனக்குப் பிரயோசனம் உண்டு எண்டு படவேணும், பாவிக்கச் சுகம் எண்டு படவேணும். அதுக்கு முதலே, 1943இல வெளிவந்த ஒரு ஆராய்ச்சிக்காக அமெரிக்காவின்ர அயோவாவில ரெண்டு பேர் புதுச் சோள விதை எப்பிடிப் பரவினது எண்டு 259 விவசாயிகளிட்டப் போய்க் கேட்டிருக்கினம். விதையைப் பற்றி முதல்ல சொன்னது கொம்பனி விக்கிற ஆள்தானாம், ஆனா நம்பி நட வச்சது அயல் தோட்டக்காரர், அதுவும் முதல் வருசம் ஒரு சின்னத் துண்டுக் காணியில மட்டும் நட்டுப் பாத்துத்தான். மகள் சொல்லச் சொல்ல எனக்கு எங்கட இடைக்காடு, அச்சுவேலி வெங்காயத் தோட்டக்காரர்தான் கண்ணுக்க நிண்டினம், அவையும் ஒரு புது விதை எண்டால் அப்பிடித்தானே, ஒரு பாத்தி நட்டுப் பாப்பினம்.

எங்கட நாட்டிலயே இதுக்கு நல்ல சாட்சி 2022இல பெற்றோல் தட்டுப்பாட்டுக்க வந்த கியூஆர் முறை, வண்டிக்கு ஒரு கியூஆர், அதைக் காட்டினாக் கிழமைக்கு இவ்வளவு எண்டு பெற்றோல். ஜூலை மாசம் அறிவிச்ச உடன என்ர கடை வாசலில லைன், ஐடென்றிகாட்டும் வண்டியின்ர லொக் புத்தகமும் கையில, செசி நம்பரை அடிச்சுப் பதிஞ்சு குடுக்கக் கை ஓயேல்ல. தொடக்கத்தில கிழமைக்கு மோட்டச்சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர்தான் கிடைச்சது, எண்டாலும் சனம் நம்பினது. வேற வழி இல்லை எண்டதும் உண்மைதான், நான் மறைக்கேல்ல, ஆனா அது மட்டும் இல்லை. பெற்றோல் செட்டுக்குப் போய்க் காட்டின உடன வேலை செய்தது, மிச்சம் எவ்வளவு எண்டு உடன தெரிஞ்சது, எனக்கு முன்னால நிண்ட டொக்டருக்கும் எனக்கும் ஒரே சட்டம். பெரிய போன் வேணும் எண்டும் இல்லை, பேப்பரில அடிச்சு லமினேட் பண்ணி பேர்சுக்க வச்ச ஐயாமார் எத்தினை பேர்! 2023 செப்டெம்பர் முதலாம் திகதியோட அந்த முறையை நிப்பாட்டினவை, இண்டைக்கும் சில பேரின்ர பேர்சில அந்த மட்டை கிடக்கு. பயந்த சனம் எண்டால் இது எப்பிடி நடந்தது?

மற்றப் பக்கத்தையும் சொல்லவேணும். போன வருசம் நான் கொழும்பில பேப்பர் எடுக்கிற கடைக்கு ஒரு பாங்கின்ர அப்பால 18,500 ரூபா அனுப்பினன். என்ர கணக்கில வெட்டுப்பட்டிட்டு, அங்க போய்ச் சேரேல்ல. போன் எடுத்தன், தமிழுக்கு மூண்டை அமத்துங்கோ எண்டு சொல்லுது, அமத்தினாப் பாட்டுத்தான் போகுது, இருபது நிமிசம் பிடிச்சுக்கொண்டிருக்க வந்த பிள்ளைக்குத் தமிழ் தெரியாது. கிளைக்குப் போனன், இது மேலிடத்து அலுவல் அண்ணை, எங்களுக்கு ஒண்டும் தெரியாது, ஏழு வேலை நாள் பொறுங்கோ எண்டினம். பதினோராம் நாள் காசு திரும்பி வந்திட்டுது, ஏன் போனது ஏன் வந்தது எண்டு ஒரு சொல் இல்லை. நான் இப்பவும் அந்த அப்பைப் பாவிக்கிறன், ஆனா அந்தப் பதினொரு நாளும் என்ர முகத்தைப் பாத்துக்கொண்டிருந்த பக்கத்துக் கடைக்காரர் மூண்டு பேர் இண்டைக்கு வரை தொடேல்ல. அவைக்கு எத்தினை கூட்டம் வச்சாலும் நான் பட்டதுதான் நினைவில நிக்கும்.

சந்தையில மரக்கறி விக்கிற அக்கா ஒராளுக்கு கியூஆர் மட்டை குடுத்தவை, அதைச் சாக்குக்குக் கீழ வச்சிருக்கிறா. ஏனக்கா எண்டன். விடிய நாலு மணிக்குத் தோட்டக்காரனுக்குக் கையில காசு எண்ணிக் குடுக்கவேணும், பாங்குக்குப் போன காசு விடிய என்ர கைக்கு வருமோ, போட்டிட்டன் எண்டு சொல்லிப் போற ஆளின்ர காசு வந்ததோ எண்டு சனம் நெருக்கேக்க போனைத் திறந்து பாக்கலாமோ எண்டா. கணக்குச் சரியாத் தெரிஞ்ச மனுசி. தோட்டக்காரனும் கியூஆர் எடுக்கிற நாளில அவவும் மட்டையை வெளியில எடுப்பா.

அலுவலகங்கள் எடுக்கிற விதம் வேற. அங்க பிரயோசனத்தைப் பாத்து எடுக்கிறது குறைவு, மேல இருந்து கடிதம் வரும், இல்லாட்டி புறொஜெக்ற் காசு வரும், இல்லாட்டிப் பக்கத்துத் திணைக்களம் செய்திட்டுது எண்டு செய்வினம். அதாலதான் ஒன்லைன்ல விண்ணப்பம் போட்ட ஆளை அதே விண்ணப்பத்தை அடிச்சு ரெண்டு கொப்பியோட வரச் சொல்லுறது, நாளுக்கு நாலு பேராவது இதுக்காக என்ர கடைக்கு வருகினம். தமிழ்க் கடிதத்தை இன்னும் பாமினி எண்ட பழைய கொம்பியூட்டர் எழுத்தில அடிச்சு அனுப்புற இடங்களும் இருக்கு, சனம் போனில திறந்தா ஒண்டும் விளங்காது, என்னட்டத்தான் வாசிச்சுத் தரச் சொல்லிக் கொண்டு வருவினம். ஆனா பைலை விடமாட்டன் எண்டு நிக்கிற கிளாக்கரை மட்டும் நான் குறை சொல்லமாட்டன். 2023இல அரசாங்கத்தின்ர மின்னஞ்சல் எல்லாம் இருந்த கிளவுட்டில, அதாவது இணையச் சேமிப்பிடத்தில, வைரஸ் தாக்கி, மே நடுப்பகுதியில இருந்து ஓகஸ்ட் கடைசி வரைக்குமான மெயில் அழிஞ்சு போச்சு, அந்த மாசங்களுக்குப் பக்கப் எண்ட மாற்றுப் பிரதி இல்லை. அதைக் கேள்விப்பட்ட மனுசன் அலுமாரியைப் பூட்டித் திறப்பை இடுப்பில சொருகத்தான் செய்வார்.

எனக்கு உண்மையா நெஞ்சு பதறுறது இன்னொரு இடத்தில. சனம் அப்பை நம்பாது, என்னை நம்புது. ஐடென்றிகாட், பாஸ்வேர்ட், போனுக்கு வாற ஓடிபி நம்பர் எல்லாத்தையும் மேசையில வச்சிட்டு "நீயே பாத்துச் செய் தம்பி" எண்டு போட்டு வெளியில போய் நிண்டு வெத்திலை போடுவினம். நான் கூப்பிட்டு, அம்மா இந்த நம்பரை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ, எனக்கும் சொல்லாதேங்கோ எண்டு போனை அவையின்ர கையில குடுத்து அவையைக் கொண்டே அடிப்பிக்கிறன். எல்லாக் கடையிலயும் அப்பிடிச் செய்வினம் எண்டு சொல்லேலுமோ? தபாலில பாசல் வந்திருக்கு, முகவரியைத் திருத்து எண்டு வந்த பொய் மெசேஜை அமத்தினவை இந்த ஊரிலயும் இருக்கினம். 2022இல தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கு எண்டு 9ஆம் இலக்கச் சட்டம் ஒண்டு நிறைவேத்தினவை. அதில தங்களுக்கு என்ன உரிமை இருக்கு எண்டு வாங்கில இருக்கிற இந்தச் சனத்துக்கு ஆராவது தமிழில சொன்னதை நான் இன்னும் காணேல்ல.

ஆனபடியா பாங்குகளையும் திணைக்களங்களையும் உங்கட பத்திரிகை மூலமாக் கேக்கிறன். கூட்டம் வைக்கிற காசில ஒவ்வொரு கிளையிலயும் ஒரு ஆளை இருத்துங்கோ, தமிழ் கதைக்கிற, வெட்டுப்பட்ட காசு எங்க நிக்குது எண்டு அந்த இடத்திலயே பாத்துச் சொல்ல அதிகாரம் இருக்கிற ஆள். அவரின்ர நேரடி நம்பரைப் பாங்க் புத்தகத்தின்ர முதல் பக்கத்தில பெரிய எழுத்தில அடியுங்கோ. முதல்ல 100 ரூபா அனுப்பிப் பாக்கட்டும், போகாட்டில் அண்டைக்கே திருப்பிக் குடுங்கோ. அந்த நம்பர் வந்தா கோண்டாவில் அம்மாவுக்கு நானே போய் வாசிச்சுக் காட்டுறன்.

இப்படிக்கு,
ஒரு கொமினிகேஷன் கடைக்காரன்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்.