நடந்து வந்தவர்களுக்கு ஒரு புத்தகம்: வரலாற்றுத் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் வரலாற்றுத் துறையினருக்கும், வரலாற்று நூல்கள் வெளியிடும் பதிப்பாளர்களுக்கும்,

வணக்கம். 1942-இல் பர்மாவை ஜப்பானியப் படை பிடித்தபோது அங்கிருந்து கால்நடையாக ஊர் திரும்பிய நம் மக்களைப் பற்றி ஒரு முழுமையான வரலாற்று நூல் தமிழில் வர வேண்டும். அதைக் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

பர்மா என்றதும் இங்கே பலருக்கும் பர்மா பஜாரும், பர்மிய நூடுல்ஸான அத்தோ விற்கும் கடையும் நினைவுக்கு வரும். அவை 1960-களில் கப்பலேறி வந்தவர்களின் கதை. நான் சொல்வது அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முந்தியது. கப்பல் கிடைக்காதவர்களின் கதை.

1931 கணக்கெடுப்பின்படி பர்மாவில் இருந்த இந்தியர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். ரங்கூன் நகரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியர்கள்தான். 1941 டிசம்பர் 23 அன்று அந்த நகரத்தின் மேல் குண்டு விழுந்தது. வானத்தில் விமானம் சண்டை போடுவதைத் தெருவில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் நின்ற இடத்திலேயே செத்தார்கள். மறுநாளே ஜனங்கள் வடக்கே புரோம் நகருக்குப் போகும் சாலையில் கிளம்பிவிட்டார்கள். ஆனால் துறைமுகத்துக்கும் ஆலைகளுக்கும் ஆள் வேண்டுமே! போனவர்களில் பலரை அரசாங்கம் சமாதானம் சொல்லித் திரும்ப வரவழைத்தது. அப்புறம் ஆண்களுக்குக் கப்பலின் திறந்த தளத்தில் பயணம் செய்யும் சீட்டு கொடுப்பதையும் நிறுத்தியது. அது ஏழைகள் வாங்கக்கூடிய ஒரே சீட்டு. அடுத்த மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தபோது, அதே அரசாங்கம் நகரத்தை விட்டுவிட்டுப் போயிற்று.

படையெடுத்தது ஜப்பான். ஆனால் இத்தனை பேர் காட்டில் செத்ததற்கு அது மட்டும் காரணமில்லை. வரப்போகும் நூல் இதைத் தயங்காமல் எழுத வேண்டும்.

சுமார் ஐந்து லட்சம் பேர் வெளியேறினார்கள். பெரும்பாலோர் நடந்துதான் வந்தார்கள். புரோமிலிருந்து தௌங்கப் மலைப்பாதை வழியாகக் கடற்கரைக்கு வந்து, அங்கிருந்து படகில் அக்யாபுக்கும் சிட்டகாங்குக்கும் போனது ஒரு கூட்டம். எல்லை ஊரான தமு வழியாக இம்பால், திமாப்பூர் வந்தது இன்னொரு கூட்டம். மழை பிடித்த பிறகு வடக்கு பர்மாவின் ஹூக்காங் பள்ளத்தாக்குச் சேற்றில் மாட்டியவர்கள்தான் மிகவும் பாவம். தமு பக்கம் வெள்ளையருக்கு ஒரு வழி, கறுப்பருக்கு ஒரு வழி என்று பிரித்து வைத்திருந்ததாக அப்போதே பெரிய புகார் எழுந்தது.

செத்தவர் எத்தனை பேர்? 10,000 என்பார்கள், 50,000 என்பார்கள், அதற்கும் மேலே சொல்பவர்களும் உண்டு. இவ்வளவு அகலமான இடைவெளியை ஓர் எண்ணிக்கை என்று எப்படிச் சொல்வது? யாரும் எண்ணவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம்.

தேயிலைத் தோட்டக்காரர் ஜைல்ஸ் மாக்ரெல் யானைகளைக் கொண்டுபோய் வெள்ளத்தில் சிக்கியவர்களைக் காப்பாற்றியது பதிவாகியிருக்கிறது. அது நல்ல செயல், பதிவாக வேண்டியதுதான். ரங்கூனில் 'ஜோதி' பத்திரிகை நடத்திய வெ. சாமிநாத சர்மா, தாம் நடந்து வந்ததைப் புத்தகமாக எழுதினார். எழுதத் தெரிந்தவர், எழுதினார். கூலிச் சீட்டில் கைநாட்டு வைத்தவர்களுக்காக யார் எழுதுவது?

எங்கள் அப்பத்தாவும் அப்படி நடந்து வந்ததுதான். அப்போது அதற்கு ஒன்பது வயது. அதன் அப்பா ரங்கூனில் அரிசி ஆலைக் கூலி. மலைப்பாதையில் பசியை விடத் தாகம்தான் கொடுமை என்று அப்பத்தா சொல்லும். வழியோரம் கிடந்தவர்கள் சத்தம் போட மாட்டார்களாம், கையை மட்டும் நீட்டுவார்களாம். கடைசிவரை எங்கள் வீட்டில் யாரும் குடித்த சொம்பில் மிச்சத் தண்ணீரைக் கீழே கொட்ட அது விட்டதில்லை. ஊருக்கு வந்து சேர்ந்தபோது கேட்கவும் ஆளில்லை. அந்த ஏப்ரலில்தான் காக்கிநாடாவிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு விழுந்து, சென்னையே பயத்தில் காலியாகிக் கொண்டிருந்தது.

தில்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் கடல்கடந்த இந்தியர் துறையின் கோப்புகள் இருக்கின்றன. செட்டிநாட்டு வீடுகளில் பர்மாக் கணக்கேடுகளும் கடிதங்களும் இன்னும் இருக்கும். அவற்றைப் படிக்க மாணவர்களை அனுப்புங்கள். ஆனால் முதலில் சிவகங்கை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சைப் பக்கத்துக் கிராமங்களுக்கு அனுப்புங்கள். கோப்பு காத்திருக்கும். அன்று பத்து வயதுப் பிள்ளையாக நடந்தவருக்கு இன்று தொண்ணூறு தாண்டிவிட்டது. அவர் இல்லையென்றால் மகளிடம், பேரனிடம் கேட்கட்டும். நூலின் பின்பகுதியில், ஊர்வாரியாகச் செத்தவர் பட்டியல் ஒன்று வரட்டும். பெயர் தெரியாத இடத்தில் 'ஒரு பெண் குழந்தை' என்றாவது போடுங்கள்.

அந்தப் பட்டியலுக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒரு வரியை இப்போதே தந்துவிடுகிறேன். அப்பத்தாவின் தம்பி. வயது நான்கு. வாந்திபேதி. தௌங்கப் மலைப்பாதை, 1942 மாசி மாதம். புதைக்க நேரமில்லை, இலை போட்டு மூடிவிட்டு வந்தார்கள். வீட்டில் அவனை 'சின்னான்' என்று கூப்பிட்டார்களாம்.

இப்படிக்கு,
நடந்து வந்தவளின் பேரன்